கன்னத்துச் சிவப்பு எந்தக் குப்பியில் இருந்தது?

புதிதாகப் பிரிண்டர் பழுதுபார்க்கும் வேலைக்கு வரும் பிள்ளைகளே, நீங்கள் என்னைப் பார்த்ததும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "அக்கா, ஒரிஜினல் கார்ட்ரிட்ஜ் நல்லதா, ரீஃபில் நல்லதா?" சொர்க்கத்துக்கு எந்தச் சபை வழியாகப் போகலாம் என்று பாதிரியாரிடம் கேட்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு கேட்பீர்கள். திருவட்டாறு சந்திப்பில் ரீஃபில் கடை போட்டு, மை படிந்த நகத்தோடு பாதி வாழ்க்கையை ஓட்டியவளிடம் கேட்கிற கேள்வியா இது? கடையைத் தங்கை மகனிடம் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகும் என் வீட்டுப் பிரிண்டரில் ரீஃபில் மைதான் ஓடுகிறது. என் மகள் கல்லூரியில் கொடுத்த ப்ராஜெக்ட் எல்லாம் அந்த மையில் அடித்ததுதான். அதற்காக யாரும் அவளுக்கு மார்க்கைக் குறைக்கவில்லை.

அதே நேரம், ஊற்றக் கூடாத இடத்தில் ரீஃபில் மையை ஊற்றிவிட்டு, கம்பெனிக்காரன் நம்மைக் கொள்ளையடிக்கிறான் என்று வீரம் பேசுகிறவர்களையும் எனக்குப் பிடிக்காது. ஒரிஜினல் தவிர வேறு எதைத் தொட்டாலும் மெஷின் செத்துவிடும் என்று பயமுறுத்துகிறவர்களை அதைவிடப் பிடிக்காது. இரண்டு கூட்டமும் மெஷினையே பார்த்துக்கொண்டிருக்கிறது. மெஷினுக்கு முன்னால் வந்து விழும் காகிதத்தை யாரும் பார்ப்பதில்லை.

நான் கேட்கச் சொல்லும் கேள்வி வேறு. இந்தத் தாள் வெளியே வந்து எங்கே போகப் போகிறது? ஃபைலுக்குள்ளா, சுவருக்கா, பள்ளிக்கூடப் பைக்குள்ளா, அல்லது வேறு எங்காவதா? இதைக் கேட்டுவிட்டால் எந்த மை என்பது பாதி தானாகவே தெரிந்துவிடும்.

பேச்சிப்பாறைப் பக்கத்தில் தேனீப் பெட்டி வைத்திருக்கும் ஒருவர் ஒரு நாள் பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு கோபமாக வந்தார். வேறு எங்கோ கறுப்பு மை நிரப்பியிருந்தார். "நாசமாப் போன மெஷினு. எழுத்து நிக்கவே மாட்டங்கு" என்றார். எனக்கு மெஷினில் ஒரு குறையும் தெரியவில்லை. அவர் கொண்டுவந்த தாளில் விரலை நனைத்து ஓர் இழுப்பு இழுத்தேன். கறுப்பு என் விரலோடு வந்துவிட்டது. அந்த மாடலுக்குக் கம்பெனி தரும் கறுப்பு, காகிதத்தின் மேல் படிந்து தண்ணீருக்கு அசையாமல் நிற்கும் வகை. நிரப்பியவர் ஊற்றியது தண்ணீரில் கரையும் வகை. பள்ளிக்கூடப் பாடம் அடிக்க அது தாராளமாகப் போதும். ஆனால் இவர் அடித்தது தேன் குப்பிக்கு லேபிள். தேன் குப்பியைத் துடைக்காமல் யார் விற்பார்கள்? ஈரத்துணி பட்ட இடமெல்லாம் தேதி காணாமல் போயிருந்தது.

"இது லேபிள் ஒட்டதுக்குன்னு எவனும் எனக்கிட்ட கேக்கல்லியே" என்றார் அவர். அதுதான் விஷயம். கேட்டிருந்தால் போதும்.

இனி, அந்தக் கேள்வி எனக்கே எவ்வளவு பெரியது என்று காட்டிய ஒரு சனிக்கிழமையைச் சொல்கிறேன்.

அருமனையில் ஷைனி என்று ஒரு பெண். வீட்டிலேயே கேக் செய்து விற்பவள். கணவன் வின்சென்ட் மஸ்கட்டில் ஸ்டோர்கீப்பராக இருந்துவிட்டு ஊரோடு வந்தவர். கேக்கின் மேல் பிறந்தநாள்காரரின் படத்தை ஒட்டுகிறார்களே, அதைத் தானே அடித்துத் தர வேண்டும் என்று ஷைனிக்கு ஆசை. சர்க்கரையில் செய்த மெல்லிய ஷீட்டில், தின்னக்கூடிய மையால் அடிக்க வேண்டும். அதற்குச் சாதாரண வீட்டுப் பிரிண்டரே போதும், ஆனால் கார்ட்ரிட்ஜ் கம்பெனியுடையதாக இல்லாமல் நாமே மை நிரப்புகிற வெளிச்சந்தை வகையாக இருக்க வேண்டும், மை உணவுக்கென்று தயாரித்ததாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, அந்த மெஷினுக்குள் வேறு மை ஒரு தடவைகூடப் போயிருக்கக் கூடாது. இதற்காகவே பெட்டி பிரிக்காத புதுப் பிரிண்டர் வாங்கச் சொல்லி, நானே போய்ப் பொருத்திக் கொடுத்தேன். "இது பிறந்தது முதல் சைவம். கடைசி வரைக்கும் அப்படியே இருக்கணும்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வின்சென்ட் சும்மா இருக்கிற மனிதர் இல்லை. அதே மாடலில் தனக்கும் ஒன்று வாங்கி முன்னறையில் வைத்தார். சபையின் பாட்டுத்தாள், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் பாடம், பாஸ்போர்ட் படம் எல்லாம் அதில் அடிப்பார். அதற்கு மை என் கடையில்தான், பெரிய குப்பியில் வாங்குவார். அது காகிதத்துக்கான சாதாரண ரீஃபில் மை.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் ஷைனி போன் செய்தாள். அழாத குறை.

"அக்கா, பிள்ளைக்க மூஞ்சி கோடு கோடா வருகு. சிவப்பு பிடிக்கவே மாட்டங்கு. நாளைக்கு ஞானஸ்நானமாக்கும். ஒண்ணு வாருங்களேன், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

பிள்ளை என்றது வின்சென்ட்டின் தங்கை மகன். பல் முளைக்கத் தொடங்கிய வயது. ஞானஸ்நான விருந்துக்குத் தாய்மாமன் வீட்டிலிருந்து கேக் வர வேண்டும் என்பது அந்தக் குடும்பங்களின் பழக்கம். அதனால் ஷைனி செய்தே ஆக வேண்டும். சிக்கல் அதுவல்ல. பிள்ளையின் அப்பாவைப் பெற்ற தங்கபாய் மாமிதான் சிக்கல். அந்தச் சபையில் பெண்கள் சங்கத்துக்குத் தலைவி அவர். அந்தப் பக்கத்துக் கல்யாணம், புதுவீட்டுப் பிரதிஷ்டை எதற்கும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுத்தான் சாப்பாடு ஏற்பாடு செய்வார்கள். "கேக்கு சுடுததெல்லாம் ஒரு சோலியா? பொழுதுபோகாத பிள்ளையள் விளையாடுதது" என்று ஷைனியைப் பற்றி அவர் ஒரு முறை சொன்னது, சொல்லி முடிப்பதற்குள் அருமனைக்கு வந்து சேர்ந்திருந்தது. நாளைக்கு அவர் முன்னால் படம் போட்ட கேக் வைப்பதாக ஷைனி வாக்குக் கொடுத்திருந்தாள். மாமி திருப்தியாகத் தலையாட்டினால் இது ஒரு தொழில். இல்லாவிட்டால் விளையாட்டுத்தான்.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன். ஷைனி வீட்டுப் பிரிண்டரைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். மேசையின் கால்கள் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களுக்குள் நிற்கும். தின்னும் மையில் இனிப்புச் சேர்மானம் இருப்பதால் எறும்பு வரிசை கட்டி மெஷினுக்குள் குடியேறிவிடும். பாயசப் பானையை எப்படிக் காப்பாற்றுவோமோ அப்படித்தான் அவள் பிரிண்டரைக் காப்பாற்றினாள்.

வேலை பெரிதாக ஒன்றும் இல்லை. சிவப்பு வரும் துளைகள் அடைத்திருந்தன. சுத்தம் செய்து, சோதனைத் தாள் ஓட்டி, மறுபடியும் சுத்தம் செய்ததில் வழி திறந்துகொண்டது. ஷீட்டை வைத்து அடித்தோம். பிள்ளையின் முகம் வந்தது பாருங்கள், அப்படி ஓர் அழகு. கன்னம் இரண்டும் ரோஜா நிறத்தில், கிள்ளலாம்போல இருந்தன. ஷைனி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் ஸ்க்ரூ டிரைவரைப் பைக்குள் போட்டேன். சாயாவும் வந்தது.

நாகர்கோவிலில் ஒரு கம்பெனி சர்வீஸ் சென்டரில் நான் முதலில் வேலைக்குச் சேர்ந்தபோது, கவுண்டரில் புகார் வாங்கும் அக்கா ஒருவர் இருந்தார். ஸ்க்ரூ டிரைவரையே தொட மாட்டார். ஆனால் சரியாகிப்போன மெஷினை நாங்கள் பெருமையாகக் கொண்டுவந்து வைத்தால், "நல்லா வந்துட்டுன்னு மூடிராதே. ஏன் நல்லா வந்ததுன்னு சொல்லிட்டுப் போ" என்பார். எரிச்சலாக வரும். கெட்டால்தானே காரணம் கேட்க வேண்டும், நன்றாக வந்ததற்கு என்ன காரணம்?

சாயா குடித்துக்கொண்டே அந்தப் படத்தைப் பார்த்தபோது அவர்தான் நினைவுக்கு வந்தார். தின்னும் மை இவ்வளவு அழகாக வராது. நான் பொருத்திக் கொடுத்த மெஷின், எனக்குத் தெரியும். அதில் சிவப்பு எப்போதும் கொஞ்சம் ஆரஞ்சாக அடிக்கும். மனித முகமெல்லாம் மஞ்சள் பூசிக் குளித்ததுபோல மங்கலாகத்தான் வரும். ஷைனியே அதைச் சொல்லிக் குறைப்பட்டிருக்கிறாள். இந்த ரோஜா எங்கிருந்து வந்தது? இந்த நிறத்தை நான் தினமும் பார்க்கிறேனே, எங்கே?

பார்த்துக்கொண்டே இருந்தேன். சட்டென்று தெரிந்தது. அது என் கடைச் சிவப்பு.

தெரிந்தது என்று சொல்கிறேனே தவிர, அந்த நொடியில் அது வெறும் சந்தேகம்தான். அடுக்களையில் சிமெண்டுத் திட்டின் மேல் மைக்குப்பிகள் நின்றன. முந்தின நாள் நிரப்பிவிட்டு அப்படியே வைத்திருந்தாள். மஞ்சள், நீலம், கறுப்பு மூன்றின் மூக்கிலும் எறும்பு மொய்த்தது. சிவப்பின் மூக்கில் ஓர் எறும்புகூட இல்லை. அதைச் சுற்றிக்கொண்டு போயின. எறும்பு சொன்னதை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. ஆனால் சாட்சியை விசாரிக்காமலும் விடக் கூடாது.

"ஷைனி, இந்தச் சிவப்புக் குப்பி எப்ப வந்தது?"

"கொரியர்ல வந்ததுல்லா அக்கா."

"நீதான் வாங்கினியா?"

"இல்ல. அவிய அலமாரில வச்சிருந்தாவ. நான் பாத்து எடுத்தேன். குப்பியில எழுதியிருக்கே, எனக்க கையெழுத்துத்தான்."

உண்மைதான். குப்பியில் கேக் மை என்ற அச்சிட்ட லேபிள். அதன் மேல் ஷைனி மார்க்கரால் கொட்டை எழுத்தில் எழுதிய 'கேக்'. அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. படித்துப் பார்த்துத்தான் ஊற்றியிருக்கிறாள்.

ஒரு தம்ளரில் தண்ணீர் எடுத்து, குப்பியிலிருந்து ஒரு சொட்டு விட்டேன். தின்னும் சிவப்பு என்றால் ஆரஞ்சு மிட்டாய் கரைந்த நிறம் வர வேண்டும். இது பீட்ரூட் வேகவைத்த தண்ணீர்போல ஊதா கலந்து பரவியது. ஷைனி தம்ளரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அவியள விளி" என்றேன்.

வின்சென்ட் சபைக் கோயிலில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தவர், வேர்வையோடு வந்தார். குப்பியை அவர் கையில் கொடுத்தேன். திருப்பிப் பார்த்தார். முகம் செத்துப்போனது.

"அக்கா, இது எனக்க குப்பியாக்கும்."

"எப்படி உங்க குப்பி? கேக்குன்னுல்லா எழுதியிருக்கு."

"காலியான குப்பி அக்கா. இதுக்க மூக்கு நல்ல கூர்மை. ஒரு சொட்டு கீழ சிந்தாது. களையதுக்கு மனசு வரல்ல. சுடுவெள்ளத்துல கழுவி, உங்க கடை மைய அதுல ஊத்தி வச்சேன். எனக்க அலமாரிலதான் வச்சேன். அவ எடுப்பான்னு நான் கண்டனா?"

"லேபிளக் கிழிச்சிருக்கலாம்லா?"

"கிழிச்சா பிசின் ஒட்டும்."

நம் ஊரில் குப்பிக்கு மறுபிறவி உண்டு என்பது உங்களுக்குத் தெரியாதா? சாராயக் குப்பியில் தேன் இருக்கும், சோடாக் குப்பியில் மண்ணெண்ணெய் இருக்கும், வெளிநாட்டுப் பால்மாவு டப்பாவில் மிளகாய்ப்பொடி இருக்கும். வீட்டுக்காரர்களுக்கு எதில் எது என்று தெரியும். அதனால் யாரும் லேபிளைப் படிப்பதில்லை. இந்த வீட்டில் ஒருத்தி லேபிளைப் படித்தாள், அதனால்தான் மாட்டிக்கொண்டாள்.

"மஸ்கட்டுல ஸ்டோர் பாத்த மனுசனாம்!" என்று ஷைனி ஆரம்பித்தாள். அவளைக் கையமர்த்தினேன். அதற்கு முன்னால் எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும்.

"ஊத்தின பிறகு வேற கேக்குக்கு அடிச்சியா?"

அவள் விரல் மடக்கி எண்ணினாள். யோசித்தாள். அந்த நேரம் எனக்கு எவ்வளவு நீளமாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. யாரோ ஒரு வீட்டில் யாரோ ஒரு பிள்ளை அந்தச் சிவப்பை நக்கிக்கொண்டிருக்கும் காட்சி கண்ணுக்குள் வந்துபோனது.

"இல்ல அக்கா. இதுக்குத்தான் முதல்ல அடிச்சேன். கோடு விழுந்ததெல்லாம் இஞ்ச குப்பையில கிடக்கு."

குப்பைக் கூடையைக் கவிழ்த்து நாங்கள் மூவரும் பார்த்தோம். எல்லாம் பிள்ளையின் முகம்தான். வேறு யாருடைய முகமும் இல்லை. அப்போதுதான் நான் மூச்சு விட்டேன்.

இனிதான் கஷ்டமான இடம். மேசையில் அந்த ரோஜாக் கன்னம் சிரித்துக்கொண்டிருக்கிறது. அது தவறு என்று இந்த அறையில் மூன்று பேருக்குத்தான் தெரியும். தின்னும் சிவப்பு இனிமேல்தான் கொரியரில் வர வேண்டும். அருமனையில் மட்டுமல்ல, மார்த்தாண்டத்தில் தேடினாலும் அன்றைக்குக் கிடைக்காது. ஷைனி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அக்கா, ஒரு சொட்டு மைதானே? வெட்டும்போ ஷீட்ட மட்டும் உரிச்சு எடுத்திட்டா?"

"கிரீமுக்க ஈரத்துல மை கீழ இறங்கும் மக்கா."

"மெஷின நல்லா கழுவிட்டு, சிவப்பு இல்லாம அடிச்சா?"

"மெஷினுக்க மை தெறிக்குத தலைக்குள்ள போயிட்டு. நான் எவ்வளவு கழுவினாலும் உள்ள எங்க மிச்சம் இருக்குன்னு எனக்குத் தெரியாது."

"நீங்க விக்குத மைதானே அக்கா. அதுல விஷமா இருக்கு?"

நல்ல கேள்வி. சுருக்கென்று தைத்தது. என் மையில் விஷம் இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். இல்லை என்றும் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாது. அதைச் செய்தவர் காகிதத்தை மனதில் வைத்துச் செய்தார், வாயை நினைத்துச் செய்யவில்லை. நான் பல வருடம் விற்ற பொருள், கண்ணை மூடிக்கொண்டு நிறம் சொல்வேன். ஆனால் அது வயிற்றுக்குள் போனால் என்ன ஆகும் என்று ஒரு நாளும் நான் யோசித்ததில்லை, யோசிக்க வேண்டியும் வந்ததில்லை. இதைத்தான் அவளிடம் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதற்கு, பிள்ளைகளே, மெஷினைப் பிரித்துப் பூட்டுவதைவிட அதிகத் தெம்பு வேண்டும். எதிரில் நிற்பவள் உங்களை நம்பி நிற்கும்போது இன்னும் அதிகம் வேண்டும்.

ஷைனி அந்த ஷீட்டை எடுத்தாள். கொஞ்ச நேரம் பிள்ளை முகத்தைப் பார்த்தாள். பிறகு நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டாள். அழுதாள். வின்சென்ட் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரைப் பார்க்கவும் பாவமாக இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

எனக்கு அந்த முன்னறைப் பிரிண்டர் கண்ணில் பட்டது. அங்கே என் மை இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. ஷீட்டில் அடிக்கக் கூடாது, சரி. போட்டோத் தாளில் அடிக்க என்ன தடை? பிள்ளையின் படத்தைத் தாளில் அடித்து, குச்சியில் ஒட்டி, கேக்கின் மேல் நட்டுவைக்கலாமே. தாள் கேக்கைத் தொடாது. கேக் வெள்ளையாகவே இருக்கட்டும்.

அடித்தோம். அதே ரோஜாக் கன்னம், தாளில் இன்னும் நன்றாகவே வந்தது. வின்சென்ட்டுக்கு உயிர் திரும்பியது. கத்தரியை எடுத்துப் படத்தைச் சுற்றி வெட்டினார், குச்சியைத் தேடினார்.

"பொறுங்க. லேமினேஷன் போட்டுட்டு ஒட்டுவோம்" என்றேன்.

"குச்சியில நிக்கதுக்குத்தானே அக்கா? அதுக்கு எதுக்கு லேமினேஷன்?"

"எங்க போகும்னு யாருக்குத் தெரியும்?"

உண்மையாகவே எனக்குத் தெரியாது. வாய்ப்பழக்கத்தில் சொன்னதுதான். சந்திப்பில் ஜெராக்ஸ் கடையில் போட்டுக்கொண்டு வந்தார். படத்தை ஒட்டி வெட்டினால்தான் அழகு என்று நின்றார். ஓரத்தில் சுற்றிலும் பிளாஸ்டிக் விட்டுத்தான் வெட்ட வேண்டும், ஒட்டி வெட்டினால் ஓரம் திறந்துகொள்ளும் என்று நான் நின்றேன். கடைசியில் முனைகளையும் உருட்டி, நான் சொன்னபடிதான் வெட்டினார். முகத்தில் அவ்வளவு திருப்தி இல்லை.

"நாளைக்கு யாராவது கேட்டா, இப்ப இதுதான் பேஷன்னு சொல்லிருவோம்" என்றார். ஷைனி என்னைப் பார்த்து, "அக்கா, நீங்களும் வரணும். பக்கத்துல நிந்தா போதும்" என்றாள்.

ஆராதனை முடிந்து, தங்கபாய் மாமி வீட்டு முற்றத்தில் பந்தல். கேக் நடுவில் இருந்தது. வெள்ளைக் கேக், அதன் மேல் இரண்டு குச்சியில் பிள்ளையின் படம். வெட்டி, பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார்கள். குச்சியோடு படத்தைப் பிடுங்கி மேசை ஓரத்தில் வைத்திருந்தார்கள். மாமி வந்து நின்றார். வெள்ளைப் பட்டுச்சேலை, கழுத்தில் ஒற்றைச் சங்கிலி, நிதானமான குரல்.

"மேல படம் அச்சடிச்ச கேக்குன்னுல்லா சொன்னே?"

வின்சென்ட் வாயைத் திறந்தார். பேஷன் என்ற சொல் அவர் நாக்கு நுனியில் இருந்தது எனக்கே தெரிந்தது. ஷைனி முந்திக்கொண்டாள்.

"அடிச்சேன் மாமி. கேக்கு மைக்குப் பதிலா தாள்ல அடிக்குத மை கலந்துபோச்சு. தெரிஞ்ச உடனே கிழிச்சுப் போட்டுட்டேன். அந்த மெஷினே இனி கேக்குக்கு வேண்டாம்னு வச்சாச்சு. பிள்ளையள் தின்னுத சாதனம்லா."

எவ்வளவு துணிச்சல். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. ஆனால் பந்தலில் அது வேறு மாதிரி விழுந்தது. மை என்ற சொல் ஒரு நாற்காலியிலிருந்து அடுத்த நாற்காலிக்குப் போனது. ஒரு பெண் மகன் கையிலிருந்த தட்டை மெதுவாக வாங்கிக் கீழே வைத்தாள். இன்னொருத்தி கேக்கை முகர்ந்து பார்த்தாள். மாமி தனக்கு நீட்டிய தட்டைக் கையால் விலக்கினார்.

"எனக்கு வேண்டாம். சுகர் உண்டு" என்றார்.

சுகர் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஷைனி கத்தியைப் பிடித்தபடி நின்றாள். நான் என் தட்டை எடுத்து ஒரு பெரிய துண்டை வாயில் போட்டு மென்றேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை. மெக்கானிக் கேக் தின்பதை யார் பார்ப்பார்கள்?

அப்போது வின்சென்ட்டின் தங்கை ஓர் அலறல் விட்டாள். இடுப்பில் இருந்த பிள்ளை, மேசை ஓரத்தில் கிடந்த தன் படத்தை எட்டிப் பிடித்து வாய்க்குள் தள்ளியிருந்தான். நெற்றிப் பக்கமாக. முளைக்கிற பல் குறுகுறுத்திருக்கும். அந்தப் பிளாஸ்டிக்கை அவன் கடித்த கடியில் எச்சில் கைவழியாக வடிந்தது. இவ்வளவு நேரம் பந்தலில் யாரும் எதையும் இவ்வளவு ஆசையாகத் தின்னவில்லை.

மாமி பாய்ந்து பிடுங்கினார். "மை! மை!" என்று கத்திக்கொண்டே, வெள்ளை முந்தானையால் பிள்ளையின் நாக்கைத் துடைத்தார். பார்த்தார். மறுபடி துடைத்தார். பிறகு படத்தைத் திருப்பித் திருப்பித் துடைத்தார். எச்சிலில் ஊறிக் கிடந்தது அது. முந்தானையில் ஈரம்தான் இருந்தது. ரோஜா கன்னத்தை விட்டு அசையவில்லை.

"இத யாரு இப்படி ஒட்டினது?" என்றார்.

"அக்கா சொன்னாவ, எங்க போகும்னு யாருக்குத் தெரியும்னு" என்றார் வின்சென்ட்.

மாமி என்னை முதன்முறையாகப் பார்த்தார். பிறகு ஷைனியைப் பார்த்தார். அவர் மனதில் என்ன ஓடியது என்று நான் எப்படிச் சொல்ல? வீட்டில் செய்த ஒரு சின்னப் பொருளை, தின்பதற்கே இல்லாததைக்கூட, ஒரு பிள்ளை தின்றுவிடுமோ என்று யோசித்துச் செய்திருக்கிறார்கள் என்று பட்டிருக்கலாம். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஷைனி, எனக்கு ஒரு துண்டு வையி. கொஞ்சம் பெருசாட்டு வையி" என்றார்.

கீழே வைத்த தட்டுகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. ஷைனி வெட்டி வெட்டி வைத்தாள். இப்போது சிரித்தாள். பிள்ளை படத்தைக் கேட்டு அழுதான். மாமி குச்சிகளை உருவிவிட்டு அதை அவன் கையிலேயே திரும்பக் கொடுத்துவிட்டார்.

இப்போது ஷைனியிடம் கேக்குக்கென்று புது மெஷின் இருக்கிறது. அந்த வீட்டில் காலியான மைக்குப்பியை வின்சென்ட்டே நசுக்கித்தான் குப்பையில் போடுகிறார். அந்தப் பக்கம் ஏதாவது விருந்துக்குப் போனால் நான் முதலில் கேக்கைப் பார்க்கிறேன், பிறகு அங்கே தவழும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். தாள் எங்கே போகும் என்று கேளுங்கள் என்று உங்களிடம் சொன்னேனே, அதோடு நிறுத்தாதீர்கள். அங்கே போன பிறகு அதை யார் எட்டிப் பிடிப்பார்கள் என்றும் கேட்டுவிட்டு மையை ஊற்றுங்கள்.